மும்பையிலிருந்து கட்ச்: பள்ளத்தாக்கு முதல் உப்புவெளி வரை, எதை எப்போது பார்ப்பது

குஜராத்தின் கட்ச் என்றதும் மும்பைத் தமிழர்கள் கேட்கும் முதல் கேள்வி, "வெள்ளை ரண்ணில் டென்ட் கிடைக்குமா?" கிடைக்கும். ரண் என்பது உப்பு படிந்த சதுப்புவெளி. அங்கே இரண்டு ராத்திரி தங்கி, உப்பின் மேல் குதித்து போட்டோ எடுத்துக்கொண்டு திரும்பியும் விடலாம். அப்படிப் போய் வருபவர்கள்தான் "வெள்ளையா இருந்துச்சு, அவ்வளவுதான்" என்கிறார்கள். அந்த உப்பு எப்படி வந்தது, தட்டையான வெளிக்கு நடுவே குன்றுகள் ஏன் தீவுகளாக நிற்கின்றன என்று தெரியாமல் பார்த்தால் அவ்வளவுதான் தெரியும்.

என் யோசனை இது: வெள்ளை ரண்ணைத் தள்ளி வையுங்கள். முதலில் பாறை, பிறகு குன்று, பறவை, அதற்கப்புறம் உப்பு, கடைசியில் காட்டுக்கழுதை. சனிக்கிழமை மாலை ரயில் ஏறினால் அடுத்த ஞாயிறு காலை வீடு. ஐந்து நாள் லீவு போதும்.

1. மாதத்தை முதலில் முடிவு செய்யுங்கள்

டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி கடைசி வரை. இந்த ஆறு வாரத்தில்தான் எல்லாமே ஒன்றாகக் கூடிவரும்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை கடல்நீரும் ஆற்றுநீரும் சேர்ந்து ரண்ணை மூழ்கடித்திருக்கும். காட்டுக்கழுதைகள் உள்ள சின்ன ரண் சரணாலயமும் ஜூன் நடுவிலிருந்து அக்டோபர் நடு வரை மூடியிருக்கும். தீபாவளி லீவில் கிளம்புகிறவர்கள் நிறைய; அப்போது பள்ளத்தாக்கு மடுக்களில் நல்ல தண்ணீர் இருக்கும், ஆனால் உப்பு காய்ந்திருக்காது, பகல் வெயிலும் குறைந்திருக்காது. பிப்ரவரி கடைசியில் நடுப்பகல் மறுபடி சுட ஆரம்பிக்கும். மார்ச்சுக்குப் பிறகு வேண்டவே வேண்டாம்.

பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் வெள்ளை ரண்ணில் கூட்டம் அம்மும், அறை வாடகையும் ஏறும். நான் அமாவாசையை ஒட்டித்தான் தேதி பார்ப்பேன். வெள்ளை ரண்ணை ஒட்டிய தோர்டோ கிராமத்துப் பக்கத்து இருட்டில் நட்சத்திரம் பார்த்தவர்களுக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை.

2. மும்பையிலேயே முடிக்க வேண்டியவை

ரயில்: பாந்த்ரா டெர்மினஸிலிருந்து கட்ச் எக்ஸ்பிரஸ். மாலையில் கிளம்பி மறுநாள் காலை கட்ச்சின் முக்கிய ஊரான புஜ். முன்பதிவு 60 நாளுக்கு முன் திறக்கும். டிசம்பர் சனிக்கிழமைகள் சீக்கிரம் தீர்ந்துவிடும். புதிதாகப் போகிறவர்கள் திரும்பும் டிக்கெட்டையும் புஜ்ஜிலிருந்தே எடுத்துவிடுகிறார்கள். எடுக்காதீர்கள். இந்தப் பயணம் கிழக்கு நோக்கி நகர்ந்து சின்ன ரண்ணில் முடிகிறது. அங்கிருந்து விரம்காமும் அகமதாபாதும் பக்கம். மும்பைக்கு ரயிலுக்கும் பஞ்சமில்லை. புஜ்ஜுக்கே திரும்புவதென்றால் ஒரு முழுப் பகல் நெடுஞ்சாலையில் போய்விடும்.

அனுமதி: வெள்ளை ரண் எல்லைப் பகுதி என்பதால் ஒவ்வொருவருக்கும் அனுமதிச்சீட்டு வேண்டும். குஜராத் அரசின் இணையதளத்தில் முன்கூட்டியே எடுக்கலாம், பிரந்தியாரா சோதனைச் சாவடியிலும் எடுக்கலாம். அசல் ஆதாரும் இரண்டு ஜெராக்ஸும் கையில் இருக்கட்டும். குழுவில் ஒருவரிடம் அடையாள அட்டை இல்லையென்றாலும் மொத்த வண்டியும் நிற்கும். ட்ரோனை வீட்டிலேயே வைத்துவிடுங்கள், எல்லைப் பக்கம் வீண் வம்பு. குஜராத்தில் மதுவிலக்கு, பையில் பாட்டில் வேண்டாம்.

துணி: மும்பைக்காரர்கள் சறுக்கும் இடம் இது. பாலைவனம் என்றதும் காட்டன் சட்டை மட்டும் எடுத்து வருகிறார்கள். ஜனவரி விடியலில் 8, 10 டிகிரிக்கு இறங்கும். திறந்த ஜீப்பில் காற்று வேறு. ஸ்வெட்டர், குரங்குக் குல்லா, கையுறை மூன்றும் வேண்டும். ஷூ இரண்டு ஜோடி. ஒன்று பாறைக்கு, இன்னொன்று உப்புக்கென்றே ஒதுக்கிய பழசு.

வரைபடத்தை ஆஃப்லைனில் இறக்கிக்கொள்ளுங்கள். புஜ்ஜுக்கு வடக்கே உள்ள காவ்டா ஊரைத் தாண்டினால் சிக்னல் வரும், போகும்.

கடைசியாக ஒரு பயிற்சி. ஆந்தேரி மேற்கில் கில்பர்ட் ஹில்லை ஒரு காலைப் பொழுதில் பார்த்துவிட்டு வாருங்கள். கட்டடங்களுக்கு நடுவே சுமார் 60 மீட்டர் உயரத்துக்குப் பசால்ட் தூண்கள் நிற்கின்றன. சுமார் 6.6 கோடி ஆண்டுக்கு முன் எரிமலைக் குழம்பு இறுகியது. மும்பை, லோனாவாலா, சஹ்யாத்ரி கோட்டைகள் என்று நாம் ஏறி இறங்கியதெல்லாம் இதே கறுப்புப் பாறைதான். கால் வைத்தால் அநேகமாகத் தாங்கும். கட்ச்சில் பெரும்பகுதி மணற்கல்லும் சுண்ணாம்புக்கல்லும் களிப்படிவும். அவை தாங்கும் என்று நம்பிக் கால் வைக்கக் கூடாது. இந்த வித்தியாசத்தை மனதில் ஏற்றிக்கொண்டு ரயில் ஏறுங்கள்.

3. புஜ்: வண்டியும் தண்ணீரும்

காலையில் இறங்கியதும் அறைக்குப் போய்க் குளித்துவிட்டு வண்டி பேசுங்கள். பொலேரோ மாதிரி தரையிலிருந்து உயரமான வண்டி வேண்டும். காடியா த்ரோ பள்ளத்தாக்குக்குப் போகும் மண்பாதையில் செடான் வயிற்றைத் தேய்க்கும். ஒரே டிரைவரை சின்ன ரண் வரைக்கும் பேசுங்கள். அவர் காலி வண்டியோடு திரும்புவதற்கும் காசு கேட்பார். அது நியாயம்தான், முதலிலேயே பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்.

"காடியா த்ரோ தெரியுமா பாய்?" என்று கேட்டால் எல்லோரும் தெரியும் என்பார்கள். "எந்த ஊர் வழியாகப் போவீர்கள்?" என்று கேளுங்கள். நிரோணா, தராவடா என்று ஊர்ப் பெயர் வந்தால் போயிருக்கிறார் என்று அர்த்தம். வெறுமனே "ஹோ ஜாயேகா" (ஆகிவிடும்) என்றால் அடுத்தவரைப் பாருங்கள்.

தண்ணீரை இங்கேயே நிரப்புங்கள், ஆளுக்கு ஒரு நாளைக்கு நாலு லிட்டர் கணக்கு. வடக்கே நிலத்தடி நீர் உப்பு. ஓ.ஆர்.எஸ், பிளாஸ்திரி, வழக்கமான மாத்திரைகளையும் வாங்கிவிடுங்கள். பெரிய மருத்துவமனை என்றால் திரும்ப புஜ்ஜுக்குத்தான் வரவேண்டும்.

மதியம் புஜியோ குன்றின் மேல் இருக்கும் ஸ்மிருதிவன் நிலநடுக்க அருங்காட்சியகம். 2001 ஜனவரி 26 நிலநடுக்கத்தில் இறந்தவர்களுக்கான நினைவிடம் அது. கட்ச்சின் அடியில் உள்ள பிளவுகளைப் பற்றியும் அங்கே தெரிந்துகொள்ளலாம். இனி பார்க்கப் போகும் குன்றுகளில் பலவற்றை மேலே தூக்கியது அந்தப் பிளவுகள்தான். இதை முதல் நாளில் வைப்பதற்குக் காரணமும் அதுதான்.

4. காரி ஆறு: பாறையைப் படிக்கப் பழகும் இடம்

ஊரை விட்டுச் சில கிலோமீட்டர் தள்ளி காரி ஆறு மணற்கல்லை அறுத்துக்கொண்டு போகிறது. நாலு மணி வாக்கில் போங்கள். சாய்வெயிலில்தான் பாறையின் கோடுகள் எழுந்து தெரியும். உச்சி வெயிலில் எல்லாம் ஒரே மஞ்சளாகத் தட்டையாகிவிடும்.

இங்கே அரை மணி நேரம் ஒரே சுவரின் முன் நில்லுங்கள். படுக்கையாக அடுக்கடுக்காகப் போகும் கோடுகள் முதலில் தெரியும். ஒவ்வொரு அடுக்குக்குள்ளும் சாய்ந்த மெல்லிய கோடுகள் இருப்பது கொஞ்சம் கழித்துத்தான் கண்ணில் படும். பழைய ஆறொன்று மணலைத் தள்ளித் தள்ளிச் சேர்த்த தடம் அது. கோடு எந்தப் பக்கம் சரிகிறதோ அந்தப் பக்கம் நீர் ஓடியது. கீழே விழுந்து கிடக்கும் பலகைக் கற்களைப் பாருங்கள். சிலவற்றில் அலைத்தடம் அப்படியே கல்லாகி இருக்கும், விரலை வைத்தால் மேடும் பள்ளமும் தட்டுப்படும். கிரெட்டேசியஸ் காலத்து மணல், அதாவது டைனோசர்கள் உலவிய காலம். சிவப்பும் ஊதாவும் இரும்பு தந்த நிறம்.

நேராக காடியா த்ரோவுக்குப் போனால் என்ன என்று கேட்பார்கள். அங்கே நிறத்தைப் பார்த்து மலைப்பதிலேயே காலை போய்விடும். இங்கே அவ்வளவு அழகு இல்லை, அதனால் கோடுகள் கண்ணில் படும்.

விளிம்பில் நிற்காதீர்கள். கீழ் அடுக்கை நீர் அரித்திருக்கும், மேல் பலகை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். மேலே நிற்பவருக்கு அது தெரியாது. எதிர்க்கரையிலிருந்து ஒருமுறை பார்த்துவிட்டு வந்தால் நீங்களே நாலடி தள்ளி நிற்பீர்கள்.

5. காடியா த்ரோ: விடியலில் தொடங்குங்கள்

புஜ்ஜிலிருந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். கடைசிச் சில கிலோமீட்டர் காற்றாலைகளுக்கு நடுவே மண்பாதை. வழி பிரிந்துகொண்டே போகும், பலகை இருக்கும் என்று நம்பாதீர்கள். கிராமத்தில் ஒரு பையனையோ பெரியவரையோ வழிகாட்டியாகக் கூட்டிக்கொள்ளுங்கள், கூலியை முன்பே பேசிவிட்டு. கடை கிடையாது. முந்தைய நாளே சாப்பாடு கட்டிக்கொள்ளுங்கள். புளியோதரை மிக்ஸ் கொண்டு போகிறவர்கள் புத்திசாலிகள். இல்லாவிட்டால் தேப்லா ரொட்டியும் ஊறுகாயும்.

வண்டி நிற்கும் இடத்திலிருந்து நடந்தால் தரை திடீரென்று பிளந்து, இளஞ்சிவப்பும் காவியும் ஊதாவுமாக ஆறு குடைந்த கூடங்கள் கீழே தெரியும். எல்லோரும் உடனே இறங்கப் பார்ப்பார்கள். முதலில் மேலேயே கரையோரம் கொஞ்ச தூரம் நடந்து, ஆறு எங்கிருந்து வந்து எங்கே திரும்புகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். கீழே இறங்கிவிட்டால் எல்லா வளைவும் ஒன்றுபோல இருக்கும், ஏறும் வழி தெரியாது. இறங்கிய இடத்தைத் திரும்பிப் பார்த்து ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். ஏறும்போது அதுதான் அடையாளம்.

அடியில் பார்க்க வேண்டியது குழிகள். வழவழவென்று உருண்டையாக, சில கையளவு, சில ஆள் இறங்குமளவு. குனிந்து உள்ளே பாருங்கள். அடியில் நாலைந்து கூழாங்கல் கிடக்கும். மழைக்காலச் சுழலில் அவை ஆட்டுக்கல்லில் குழவி சுற்றுவது மாதிரி சுற்றிச் சுற்றித்தான் குழி ஆழமாகியது. பக்கத்துப் பக்கத்துக் குழிகள் பெரிதாகி ஒன்றையொன்று தொட்டால் நடுச்சுவர் உடைந்து வாய்க்கால் ஆகும். இந்தப் பள்ளத்தாக்கு ஆழமாகும் விதங்களில் அதுவும் ஒன்று. உள்ளே கிடக்கும் கல்லை எடுத்து வராதீர்கள், அடுத்த மழையில் அதற்கு வேலை இருக்கிறது.

மடுவில் நீந்துவது இங்கே நடக்கும் பெரிய தவறு. பச்சைத் தண்ணீர் ஆளை இழுக்கும். ஆழம் தெரியாது, பாறைச் சுவர் பாசியில் வழுக்கும், ஏறப் பிடிமானம் இருக்காது. கட்ச்சின் நன்னீர் மடுக்களில் முதலையும் உண்டு. காலை நனைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

பதினொரு மணிக்கு மேலே ஏறிவிடுங்கள். அதற்கப்புறம் பாறை சூட்டைத் திருப்பி அடிக்கும்.

6. தினோதர்: அதே நாள் பிற்பகல்

சுமார் 386 மீட்டர் உயரம். தனியாக, கூம்பாக நிற்கும். பழைய எரிமலையின் தொண்டையில் குழம்பு இறுகி, சுற்றியிருந்த மென்பாறை அரித்துப்போக, நடுத்தண்டு மட்டும் மிஞ்சியது. காலையில் மணற்கல்லைப் பார்த்த கையோடு பிற்பகலில் இதன் மேல் ஏறினால் கால் வித்தியாசத்தைச் சொல்லும். சஹ்யாத்ரியில் பழகிய கறுப்புப் பாறை.

மூன்று மணிக்கு முன்பே ஏற ஆரம்பித்து, இருட்டுவதற்குள் இறங்கிவிடுங்கள். பொந்துகளில் சுருட்டை விரியன் இருக்கும் நிலம் இது. பார்க்காமல் கல்லுக்கு அடியில் கை வைக்காதீர்கள், இறங்கத் தாமதமானால் டார்ச் இல்லாமல் காலெடுத்து வைக்காதீர்கள். உச்சியில் தோரம்நாத் சன்னதி. தலைகீழாக நின்று தவம் செய்த அந்தச் சித்தர் கண் திறந்து பார்த்ததும் வடக்கே இருந்த கடல் வற்றி ரண் ஆனது என்பது ஊர்க்கதை. மேலே நின்று வடக்கே பார்த்தால் அப்படி ஒரு கதை ஏன் பிறந்தது என்று தெரியும்.

முழங்கால் ஒத்துழைக்காதவர்கள் இதை விட்டுவிட்டுப் பக்கத்து ஊரான நக்கத்ராணாவில் ஓய்வெடுக்கலாம். இரவு அங்கேதான் தங்கல்.

7. சாரி தண்ட்: விடியலில் பறவை, ஒன்பது மணிக்குக் கல்

மூன்றாம் நாள். இந்தப் பயணத்தில் எனக்குப் பிடித்த நாளும் இதுதான்.

நக்கத்ராணாவிலிருந்து ஐந்து மணிக்குக் கிளம்புங்கள். டிரைவரை மெதுவாக ஓட்டச் சொல்லுங்கள்: பன்னிப் புல்வெளி எருமைகள் ராத்திரியில் மேய்ந்துவிட்டு விடியலில் திரும்பும், கறுப்பு மாடு கறுப்புச் சாலையில் தெரியாது. ஃபுலாய் கிராமத்தில் உள்ளூர் வழிகாட்டி ஒருவரை முந்தைய நாளே பேசி வையுங்கள். ஏரியைச் சுற்றிச் சேறு. எது இறுகிய தரை, எது இறுகின மாதிரி தெரியும் தரை என்று அவருக்குத்தான் தெரியும்.

சாரி தண்ட் பருவமழையில் நிறையும் ஆழமில்லாத ஏரி. 2008-ல் பாதுகாப்புக் காப்பகமாக அறிவித்தார்கள். குளிர்காலத்தில் ஆயிரக்கணக்கில் குஞ்ச் என்னும் பெருங்கொக்குகள் (கிரேன்), பூநாரைகள், கூழைக்கடாக்கள். குஞ்ச்கள் இரவைத் தண்ணீரில் கழித்துவிட்டு வெளிச்சம் வந்ததும் வயலுக்குப் பறக்கும். ஏழரைக்குப் போய்ச் சேர்ந்தால் காலி ஏரியைத்தான் பார்ப்பீர்கள். சூரியன் எழும் முன் கரையில் இருக்க வேண்டும், பேச்சில்லாமல்.

அடுத்து புதர்கள். மிஸ்வாக் குச்சி ஒடிக்கும் பீலு மரங்களில் சாம்பல் உடலும் கண்ணைச் சுற்றிக் கறுப்பு முகமூடியுமாக ஒரு பறவை வரும். ஹைப்போகோலியஸ் என்று பெயர், மேற்காசியாவிலிருந்து குளிர்காலத்துக்கு வரும் விருந்தாளி. இந்தியாவில் அதைப் பார்க்கப் பறவைக்காரர்கள் தேடி வருவது இந்தப் பக்கத்துக்குத்தான். ஒரு மரத்தின் அருகே காத்திருந்தால் கிடைக்கும். மரத்துக்கு மரம் ஓடினால் கிடைக்காது.

திறந்த வெளியில் குள்ளநரி தெரிந்தால் வாலைப் பாருங்கள். நுனி வெள்ளை என்றால் பாலைவனக் குள்ளநரி, கறுப்பு என்றால் நம் ஊர்ப்பக்கமும் உள்ள இந்தியக் குள்ளநரி. வளை வாசலில் வெயில் காயும் தடித்த ஓணானுக்கு வாலில் வரிசை வரிசையாக முட்கள் இருக்கும். சாண்டா எண்ணெய் என்று விற்கிறார்களே, அதற்காகப் பிடித்துக் கொல்வது இதைத்தான். குளிர் நாளில் வெயில் ஏறினால்தான் வெளியே வரும், அதனால் காலை ஆறு மணிக்குத் தேடிப் பயனில்லை. எங்கும் மண்டிக் கிடக்கும் முள்மரம் நமக்குத் தெரிந்த சீமைக்கருவேலம்தான். பன்னிப் புல்வெளியில் பெரும்பகுதியை அது தின்றுவிட்டது.

வெயில் ஏறி, பறவைகள் அடங்கியதும் ஏரியோரத்துக் கீரோ குன்றுக்கு நடங்கள். பறவைக் கேமராவோடு வந்தவர்கள் இதைப் பார்க்காமலே கிளம்பிவிடுவார்கள். சரிவில் உதிர்ந்து கிடக்கும் கற்களில் சுருள் சுருளாக அம்மோனைட் தடங்கள்: ஜுராசிக் கடலில் வாழ்ந்த ஓட்டுயிர், ஏறத்தாழ 16 கோடி ஆண்டு பழசு. பெருமாள் சன்னதியில் பூஜிக்கும் சாளக்கிராமமும் இந்த இனத்தின் தடம்தான், அது கண்டகி ஆற்றில் கிடைப்பது. அரியலூர்ப் பக்கமும் அம்மோனைட் உண்டு, இதைவிட இளையவை. ஆந்தேரிக் குன்று இறுகிய காலத்தை ஒட்டித்தான் இந்த இனமே உலகிலிருந்து மறைந்தது.

தேடும் முறை: நின்றுகொண்டு தேடாதீர்கள். குத்துக்காலிட்டு, சூரியனைப் பக்கவாட்டில் வைத்து, ஒரு பாய் அகலத் தரையை மட்டும் பாருங்கள். முதல் சுருள் கண்ணில் படத்தான் நேரம் பிடிக்கும், அப்புறம் அவையாகவே தெரியும். பொன்னிறமாக மினுங்கும் சிறு மணிகளால் ஆன கல்லும் இங்கே உண்டு. கடலடியில் உருண்ட மணிகள் மேல் இரும்புத் தோல் படிந்தது.

பார்த்த இடத்திலேயே விட்டு வாருங்கள். எந்த அடுக்கில் எந்தச் சுருள் கிடக்கிறது என்பதை வைத்துத்தான் பாறையின் வயதைச் சொல்கிறார்கள். பையில் போட்டுக்கொண்டு வந்தால் அது வெறும் ஷோகேஸ் கல். அளவு தெரிய ஒரு ரூபாய் நாணயத்தைப் பக்கத்தில் வைத்து போட்டோ எடுங்கள், போதும்.

8. காலோ டுங்கர்: உப்புக்கு முன் உயரத்திலிருந்து

மூன்றாம் நாள் மாலை ஹோட்கா அல்லது காவ்டா பக்கம் போய்த் தங்குங்கள். வட்ட வடிவ புங்கா குடிசை கிடைத்தால் அதில். நாலாம் நாள் காலை காலோ டுங்கர்.

சுமார் 460 மீட்டர், கட்ச்சிலேயே உயரமான இடம். உச்சி வரை வண்டி போகும். எல்லோரும் சூரிய அஸ்தமனத்துக்கு வருவார்கள். நீங்கள் காலையில் போங்கள்: கூட்டம் இருக்காது, மாலையை வெள்ளை ரண்ணுக்கு ஒதுக்கலாம். வடக்கே மலை வெட்டியது மாதிரி ரண்ணில் இறங்கும், தெற்கே சாய்வாகப் போகும். பிளவின் ஓரமாக நிலத்தின் ஒரு விளிம்பு மட்டும் தூக்கப்பட்டதன் அடையாளம் அது. கட்ச்சில் வெளியே தெரியும் மிகப் பழைய படிவுப்பாறைகள் இந்த ரண் தீவுகளில்தான் இருக்கின்றன. கீழே ரண்ணைப் பார்த்துக்கொண்டு, நேற்றைய அம்மோனைட்டையும் நினைத்துக்கொள்ளுங்கள். கடல் இங்கே வந்து போனது ஒருமுறை மட்டும் இல்லை.

தத்தாத்ரேயர் கோயிலில் நண்பகல் பூஜைக்குப் பிறகு நரிகளுக்குப் பிரசாதம் வைப்பார்கள். வரும் நாளும் உண்டு, வராத நாளும் உண்டு. சாலையில் ஓரிடத்தில் வண்டி தானாக மேட்டில் ஏறுகிறது என்று டிரைவர் நியூட்ரலில் விட்டுக் காட்டுவார். சரிவு கண்ணை ஏமாற்றுகிறது, அவ்வளவுதான். அவர் சந்தோஷத்துக்கு ஆச்சரியப்பட்டு வையுங்கள்.

வடக்கே இந்தியா பிரிட்ஜ் பக்கம் தனி அனுமதி இல்லாமல் போக முடியாது. கேட்டுப் பார்க்கலாமே என்று போய் நேரத்தை வீணாக்காதீர்கள்.

9. வெள்ளை ரண்: மாலை நாலு மணிக்கு

மழைக்காலத்தில் மேற்கிலிருந்து காற்று தள்ளும் கடல்நீர், கிழக்கிலிருந்து லூணி, பனாஸ் போன்ற ஆறுகளின் நீர். இரண்டும் இந்தத் தட்டையான வெளியில் தேங்கி, வெளியேற வழியின்றி ஆவியாகும். மிஞ்சுவதுதான் உப்பு. 1819 நிலநடுக்கத்தில் வடமேற்கே நிலம் நீண்ட கரையாக எழும்பியது, அதற்குத் தெற்கே நிலம் தாழ்ந்தது; அல்லா பந்த் என்று அந்தக் கரைக்குப் பெயர். ஆக, இந்த வெளியின் உருவம் இன்னும் மாறிக்கொண்டுதான் இருக்கிறது.

பார்வைக் கோபுரத்தைச் சுற்றியுள்ள உப்பு, ஆயிரம் கால் மிதித்த உப்பு. கொஞ்சம் தள்ளிப் போய்க் குனிந்து பாருங்கள். பல கோணக் கட்டங்களாக வெடித்து, விளிம்புகளில் உப்பு மேடு கட்டியிருக்கும். அடிச்சேறு காயும்போது சுருங்கும், பிளவு வழியே உவர்நீர் ஏறி ஓரத்தில் காயும்.

ஆனால் எவ்வளவு தள்ளிப் போவது என்பதில்தான் புதியவர்கள் மாட்டுகிறார்கள். உப்பு மேலோடு மட்டும்தான், அடியில் களிச்சேறு. தூய வெள்ளையாக, மிதித்தால் நொறுங்கும் சத்தம் வரும் இடம் சரி. சாம்பலாக, ஈரம் மினுங்கினால் அங்கேயே திரும்புங்கள். டோம்பிவிலியிலிருந்து வந்த தம்பி ஒருவர் புது ஷூவோடு அந்தச் சாம்பல் திட்டில் கால் வைத்தார். கால் வந்தது, ஷூ வரவில்லை. வண்டியை ஒருபோதும் உப்பில் இறக்க விடாதீர்கள்.

கறுப்புக் கண்ணாடி அவசியம், வெயில் கீழிருந்தும் அடிக்கும். கேமராவைத் தரையில் வைக்காதீர்கள்.

10. தோலாவீரா: சாலையும் கல்மரமும்

காவ்டாவிலிருந்து தோலாவீரா போகும் புதுச் சாலை ரண்ணை நேராக வெட்டிக்கொண்டு போகிறது. இரண்டு பக்கமும் உப்போ நீரோ, வருடத்தைப் பொறுத்து. முன்பு பச்சாவ், ராபர் வழியாகச் சுற்ற வேண்டியிருந்தது. காலை ஏழுக்குக் கிளம்புங்கள். எட்டு ஒன்பது மணிக்கு மேல் செல்ஃபி வண்டிகள் நிரம்பும். ஓரத்து மண் இளகல், அதில் இறங்கி நிறுத்தாதீர்கள்.

தோலாவீராவில் உள்ள சிந்துவெளி நகரம் 2021 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது, அதற்குத் தனியாக ஒரு கட்டுரை வேண்டும். நிலம் பார்க்க வந்தவர்கள் கவனிக்க வேண்டியது அங்கிருந்து சில கிலோமீட்டர் தள்ளியுள்ள புதைபடிவப் பூங்கா. ரண்ணைப் பார்த்த சரிவில் வேலிக்குள் கல்லான மரங்கள் படுத்திருக்கின்றன. திருவக்கரை கல்மரங்களைப் பார்த்தவர்களுக்கு உருவம் பழக்கமானதுதான், ஆனால் இவை ஜுராசிக் காலத்தவை, வயதில் பல மடங்கு மூப்பு. மாலை வெயிலில் போங்கள், மரவரி அப்போதுதான் தெரியும். தங்கும் இடங்கள் குறைவு. மும்பையிலிருந்தே பேசி வையுங்கள்.

நாள் குறைவாக உள்ளவர்கள் வெட்ட வேண்டியது இந்த ஒரு நாளைத்தான். சாரி தண்ட்டை வெட்டாதீர்கள்.

11. சின்ன ரண்: காட்டுக்கழுதையும் ஊர் திரும்பலும்

தோலாவீராவிலிருந்து சின்ன ரண்ணை ஒட்டிய ஜெயினாபாத் அல்லது பஜாணா பக்கம் வர அரை நாளுக்கு மேல் ஆகும். காலையில் கிளம்பினால் மாலை சஃபாரி கிடைக்கும். மறுநாள் விடியலில் இன்னொன்று. இரண்டும் போங்கள், மாலையில் கிடைக்காதது காலையில் கிடைக்கும். வனத்துறை அனுமதியையும் ஜீப்பையும் தங்கும் இடத்தில் உள்ளவர்களே ஏற்பாடு செய்வார்கள், சொல்லி வைத்தால் போதும்.

சரணாலயம் 4,953 சதுர கிலோமீட்டர். உள்ளே பேட் என்னும் சற்று உயர்ந்த திட்டுகளில்தான் புல் இருக்கும், அதனால் கழுதைகளும் அங்கேதான் இருக்கும். மணல் நிறம், வெள்ளை வயிறு, முதுகில் ஒரு கறுப்புக் கோடு. ஊரில் பொதி சுமக்கும் கழுதையோடு சேர்க்காதீர்கள், ஓடினால் ஜீப்புக்குச் சமமாக ஓடும். 1960களில் சில நூறாகக் குறைந்த இனம், 2024 கணக்கெடுப்பில் 7,672.

ஓட்டுநர்கள் சுற்றுலாக்காரர்களைச் சந்தோஷப்படுத்த மந்தையோடு சேர்த்து வண்டியை ஓட்டுவார்கள். வேண்டாம் என்று ஏறும்போதே சொல்லிவிடுங்கள். துரத்தினால் புழுதியும் பின்பக்கமும்தான் தெரியும், குட்டிகள் மந்தையிலிருந்து பிரியும். நூறு மீட்டருக்கு அப்பால் என்ஜினை அணைத்துக் காத்திருந்தால் பத்து நிமிடத்தில் அவை நம்மை மறந்து மேயும், ஆண்கள் ஒன்றையொன்று விரட்டிக் கடிக்கும். பார்க்க வேண்டியது அதுதான். பத்து மணிக்கு மேல் கானல் எழுந்து எல்லாம் நடுங்கும். போட்டோ தெளிவாக வராது.

வழியில் உப்பு விளைவிக்கும் அகரியாக்களின் பாத்திகள் வரும். தூத்துக்குடியில் கடல்நீரைப் பாய்ச்சுவதைப் பார்த்திருப்பீர்கள். இங்கே கிணறு தோண்டி நிலத்தடி உவர்நீரை இறைக்கிறார்கள். குடும்பத்தோடு மாதக்கணக்கில் அங்கேயே குடிசை போட்டுத் தங்கியிருப்பவர்கள். வரப்பில் நடக்கும் முன் கேட்டுக்கொள்ளுங்கள், ஒரு கரை உடைந்தால் பல நாள் உழைப்பு வடியும்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு விரம்காமோ அகமதாபாதோ, டிக்கெட் எங்கிருந்தோ அங்கே. வீடு சேர்ந்ததும் உப்பில் நடந்த ஷூவையும் ட்ரைபாட் கால்களையும் நல்ல தண்ணீரில் ஊறவைத்துக் கழுவுங்கள். மும்பை ஈரக்காற்றில் ஒரு வாரம் விட்டால் திருகெல்லாம் துருவேறிப் பிடித்துக்கொள்ளும்.